கடைமடைப் பதிவேடு

மாசியில் வலது காலை எடுத்தார்கள்,
முழங்காலுக்கு ஒரு சாண் கீழே.
பங்குனியில் தையல் விட்டது.
சித்திரையில் கட்டுத்துணி மேல் மஞ்சளாய் ஒரு வட்டம்,
நாளுக்கு ஒரு விரற்கடை பெருத்தது.

"இன்னும் மேலே எடுத்துரலாம்"
என்றார் தலைமை டாக்டர்,
தொடையில் பேனாவால் ஒரு கோடு இழுத்து.
இருபத்தாறு வருஷம் அடப்பாற்றில் லஸ்கர் உத்தியோகம்.
மதகுச் சுவரின் சிவப்புக் கோடு எனக்குத் தெரியும்,
தண்ணீர் அதைத் தொட்டால்
செக்‌ஷன் ஆபீசுக்கு ஃபோன் போடணும்.
இந்தக் கோட்டுக்கு யாருக்குப் போடுவது?

ஷட்டர் மேடைக்குப் பதினோரு படி.
முழங்கால் இருந்தால்
கட்டைக்காலோடாவது ஏறிவிடலாம்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி
டாக்டர் ரஹ்மத் நிஷா வந்தாள்.
"உங்க பாஷையிலேயே சொல்றேன்,
கடைமடைக்குத் தண்ணி வரலை.
அதான் புண்ணு ஆறலை."

எனக்குச் சிரிப்பு.
தண்ணி வராததற்கு நூறு காரணம் இருக்கும்மா.
மேலே ஒருத்தன் மோட்டார் வைப்பான்,
ஆகாயத்தாமரை அடைக்கும்,
ஆர்டர் வந்து பேப்பரில் மட்டும் ஓடும்.

"இங்கே காரணம் ஒண்ணுதான். தூர்."

பொக்லைன் இறக்கணுமே என்றேன்.
"கம்பி போதும். மயிரிழைக் கம்பி."

இடது இடுப்பு மடிப்பில் எள்ளளவு ஓட்டை.
மயக்கம் கொடுக்கவில்லை,
திரையை நானும் பார்த்தேன்.
கறுப்பாய் ஒரு ஓடை இறங்கிவந்து
முழங்காலுக்குப் பின்னால் முட்டி நின்றது.
கம்பி தேடியது, திரும்பியது, மறுபடி தேடியது.
உள்ளே ஒரு பலூன் உப்பியபோது
இல்லாத பாதம் நெருப்பை மிதித்தது.
அப்புறம் ஓடை நகர்ந்தது.
நான் படத்தை நம்புகிற ஆள் இல்லை.
ராத்திரி கையை வைத்துப் பார்த்தேன்,
கட்டை கதகதவென்று இருந்தது.

உள்ளே தேங்கிய சீழுக்கும்
கத்தி எடுக்கவில்லை.
ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி நுழைத்தார்கள்,
ஊசி போன வழியில் ஒரு மெல்லிய குழாய்.
நாலு நாளில் அது வற்றியது.

பிறகு பஞ்சு. பஞ்சின் மேல் கண்ணாடித்தாள்.
தாளிலிருந்து டியூப், டியூபின் முனையில்
டிபன் டப்பா அளவில் ஒரு மெஷின்,
காற்றை உறிஞ்சிக்கொண்டே முனகும்.
எங்காவது கசிந்தால் கத்தும்.

அன்று இரவு இரண்டு மணிக்குக் கத்தியது.
ஜெசிந்தா சிஸ்டர் முன்பக்கம் மூன்று தடவை ஒட்டினாள்,
மூன்று தடவையும் கத்தியது.
விரலை எச்சில் தொட்டு
முழங்கால் பின்மடிப்பில் நகர்த்தினேன்.
சில்லென்று ஒரு நூல் காற்று.
"இங்கே, சிஸ்டர். நண்டு வளை.
கரையில நிக்கிற ஆளுக்குத் தெரியாது,
மறுபக்கம்தான் இருக்கும்."
ஒட்டினாள். மெஷின் பழைய முனகலுக்குத் திரும்பியது.
'கசிவு அடைக்கப்பட்டது' என்று எழுதினாள்.
கண்டுபிடித்தது யாரென்று எழுதவில்லை.
எங்கள் டிபார்ட்மென்ட்டிலும் அப்படித்தான்.

பக்கத்துக் கட்டில் வைரக்கண்ணு,
பேராவூரணி, தேங்காய் வெட்டு.
அவனுக்கும் அதே டாக்டர், அதே கம்பி.
இரண்டு மணி நேரம் முட்டியும் கம்பி போகவில்லை.
அவன் தொடையில் போட்ட கோடு
புதன்கிழமை நிஜமானது.
எனக்கு ஓடிய தண்ணீரை
அவன் முன்னால் எப்படிப் பேசுவேன்?
அவன் பொண்டாட்டி கொண்டுவந்த ரசத்தை
இருவரும் குடித்தோம்.

வைகாசிக் கடைசியில் மேட்டூர் திறந்தார்களாம்.
என் இடத்தில் நிற்கும் பையன் ஃபோன் செய்தான்,
"கல்லணை தாண்டிருச்சுண்ணே."
தலைஞாயிறு வர இன்னும் நாளாகும், தெரியும்.
போன கட்டைவிரல் அந்நேரம் அரித்தது.
சேற்றுப்புண் அரிப்பு மாதிரியே.

மெஷினின் டப்பாவில் கோடு கோடாய் அளவு இருக்கிறது.
தினமும் காலை ஆறு மணிக்குப் பார்த்துவிடுவேன்.
மாத்திரை அட்டையின் பின்புறம், பேனாவால்:

திங்கள், நூற்றிருபது. கலங்கல்.
வியாழன், எழுபது.
ஞாயிறு, முப்பது. தெளிவு.

கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்,
தங்கையன், லஸ்கர்.
யாரும் கேட்கவில்லை.